ஒரே வாங்கில் இருவர்: தோட்டத்துப் பிள்ளை ஆளாகும் நாவல் ஏன் அரிதாயிற்று?

மலையகத் தமிழ் நாவல்களில் துரை உண்டு, பெரிய கங்காணி உண்டு, கணக்கப்பிள்ளை உண்டு, பெரட்டுக் களத்தில் எதிர்த்துப் பேசும் வாலிபன் உண்டு. அந்த வாலிபன் 13 வயதில் எப்படி இருந்தான், யாரோடு பாடசாலைக்கு நடந்து போனான், அந்தக் கூட்டாளி பிறகு ஏன் முகங்கொடுத்துப் பேசாமல் போனான் என்பவை பெரும்பாலும் நாவலின் முதல் பக்கத்துக்கு முன்பே முடிந்துவிட்ட சங்கதிகள். வறுமையும் வர்க்கப் பகையும் இவ்வளவு கூர்மையாகப் பதிவான ஓர் இலக்கியத்தில், அவற்றை முதன்முதலாக உணரும் வயது மட்டும் ஏன் மெலிந்து கிடக்கிறது?

கேள்வி புதிதல்ல. ‘மலையகத்தில் நாவல் ஏன் குறைவு’, ‘தோட்டத்தை எழுத யாருக்குத் தகுதி’, ‘தனிமனிதன் பெரிதா வர்க்கம் பெரிதா’ என்று அறுபது ஆண்டுகளாக நடந்துவரும் விவாதங்களுக்குள் இதற்கான விடைகளும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை எடுத்து எடைபோடுவதே இக்கட்டுரையின் வேலை. எடைபோட நிற்கும் இடம் மாவனல்லை. ஹட்டனிலிருந்தோ பதுளையிலிருந்தோ பார்க்கும்போது மறைந்துபோகும் ஒரு பக்கம் கேகாலை மாவட்டத்தின் இந்தச் சந்தியிலிருந்து தெரிவதாகத் தோன்றுகிறது.

தேடுவது எத்தகைய நாவலை?

வளரும் பிள்ளையை நடுவில் வைத்த நாவலுக்கு ஜெர்மனியில் தனி இலக்கணமே வகுத்தார்கள். கார்ல் மோர்கன்ஸ்டெர்ன் 1819இல் அதற்குப் பெயரிட்டுப் பேசியபோது, 1795, 96ஆம் ஆண்டுகளில் வெளிவந்த கோதேயின் ‘வில்ஹெல்ம் மைஸ்டர்’ முன்மாதிரியாக இருந்தது. வீட்டை விட்டுக் கிளம்பிய இளைஞன் அலைந்து, அடிபட்டு, கடைசியில் சமூகத்தில் தனக்கென ஓரிடம் பிடிக்கிறான். டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ இதே வழியில் ஓர் உறுத்தலைச் சேர்த்தது. கொல்லன் பட்டறையில் வளர்ந்த பிப், கனவானாக மாறத் தொடங்கியதும் தன்னை வளர்த்த ஜோவைப் பார்த்து வெட்கப்படுகிறான். வர்க்கம் என்பதை ஒரு பிள்ளை முதலில் அறிவது வெட்கமாகத்தான் என்று டிக்கன்ஸ் காட்டிய இடம் அது.

நம் பக்கத்திலும் உதாரணங்கள் உண்டு. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘மடொல் தூவ’ (1947) உபாலியையும் அவன் வீட்டு வேலைக்காரச் சிறுவன் ஜின்னாவையும் ஒன்றாக ஓடவிட்டு, ஆளில்லாத் தீவொன்றில் பயிர் செய்ய வைக்கிறது. இலங்கைப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக விரும்பிப் படித்த நாவல். ஆனாலும் ஜின்னா தன் கதையைத் தானே சொல்வதில்லை. ரொமேஷ் குணசேகரவின் ‘சன்கேட்சர்’ (2019) 1964ஆம் ஆண்டுக் கொழும்பில் கைரோ என்ற நடுத்தர வீட்டுப் பையனையும் ஜெய் என்ற செல்வந்த வீட்டுப் பையனையும் சேர்த்து வைத்து, அந்த நட்பு எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று பார்க்கிறது.

தமிழகத்தில் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) இன்னும் கடினமான இடத்துக்குப் போயிற்று. பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் அருந்ததியர் சிறுவன் கூளையனும் பண்ணைக்காரர் மகன் செல்வனும் சேர்ந்து விளையாடுகிறார்கள். ஆண்டான், ஆள் என்ற கோடு அந்த விளையாட்டுக்குள்ளேயே குறுக்கே விழுகிறது. பூமணியின் ‘வெக்கை’யில் (1982) 15 வயதுச் சிதம்பரம் ஒரு கொலையோடுதான் நம் முன் வருகிறான். இந்த வரிசையில் வைக்கத்தக்க மலையக நாவல் எது என்று கேட்டால் பதில் தடுமாறுகிறது.

பதின்பருவம் என்பதே இல்லாத இடம்

பலரும் முதலில் சொல்லும் விடை, தோட்டத்தில் அந்தப் பருவமே இருந்ததில்லை என்பது. பிள்ளைக்காம்பராவிலிருந்து வெளியே வந்த பிள்ளை சில ஆண்டுகளில் அரைப்பேருக்கு, அதாவது அரைச் சம்பள வேலைக்குப் போய்விடும். செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் பெயர் ஏறியதும் அது ஆள். தோட்டப் பாடசாலை என்பது நெடுங்காலம் ஓர் ஆசிரியர், ஒரு கூடம், ஐந்தாம் வகுப்பு வரை. பிள்ளைக்கும் ஆளுக்கும் நடுவே நாவலாசிரியன் நுழையக் கூடிய இடைவெளியே இல்லை என்கிறது இந்த வாதம்.

வாதத்துக்கு வரலாற்றுப் பலம் உண்டு. தோட்டப் பாடசாலைகளை அரசு முழுமையாகப் பொறுப்பேற்றது 1970களில். 5 முதல் 14 வயதுவரை கட்டாயக் கல்வி என்ற ஒழுங்குவிதி நடைமுறைக்கு வந்தது 1998இல். அது 16 வயதாக உயர்ந்தது 2016இல். வேலைக்கு அமர்த்தும் குறைந்தபட்ச வயதும் 16 ஆனது 2021இல். சட்டத்தின் கண்ணில் பதின்பருவம் என்ற ஒன்று மிக அண்மையில்தான் திறந்துவிடப்பட்டிருக்கிறது.

ஆனால், வேலைக்குப் போன பிள்ளைக்கு உள்ளுக்குள் வளர்ச்சி நடக்காது என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ‘கூளமாதாரி’யின் சிறுவனும் பாடசாலை பார்க்காதவன்தான். மலையகச் சிறுகதையே இந்த வாதத்துக்கு எதிர்ச்சாட்சி. தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ ஒரே காம்பராவில் படுத்துறங்கும் குடும்பத்தைப் பற்றியது. லயத்துக் காம்பரா என்றால் ஏறத்தாழ 10க்கு 12 அடி. அதற்குள் ஒரு மகள் பெரியவளாகிறாள். அவள் வளர்ந்துவிட்டாள் என்பது அவளுடைய மனச் செய்தியாக வருவதற்கு முன்பே இடநெருக்கடியாக, இருட்டில் நேர்ந்துவிடும் ஒரு விபரீதமாக வருகிறது. இத்தனை நுட்பமாக வயதை அளந்த சுவடு இருக்கும்போது, பருவமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பருவம் இருந்தது, அது நாவலின் நீளத்துக்கு விரியவில்லை என்பதே பொருத்தமான கூற்று.

வர்க்கமே கதாநாயகன்

முற்போக்கு எழுத்தாளர்கள் கோலோச்சிய 1960களிலும் 70களிலும் நாவல் ஒரு வர்க்கம் விழித்தெழுவதைச் சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வலுவாக இருந்தது. க. கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) நாவலைச் சமூக வரலாற்றோடு பிணைத்துப் படிக்கக் கற்றுத்தந்த நூல். அந்தச் சூழலில் யோ. பெனடிக்ற் பாலனின் ‘சொந்தக்காரன்’ (1968), தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ (1974), தி. ஞானசேகரனின் ‘குருதிமலை’ (1979) ஆகியவை வந்தன. தனி ஒருவனின் உள்வளர்ச்சி அந்த அழகியலில் ஓர் ஆடம்பரமாகப் பட்டிருக்கலாம். கூட்டாளிக்காகக் கலங்குகிற பையனைவிடச் சங்கத்தில் சேரும் பையனுக்கே பக்கம் கிடைத்தது.

இந்த விளக்கத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. எனினும் இதே அரசியலைக் கொண்ட கோர்க்கி தன் பிள்ளைப் பிராயத்தை மூன்று பாகங்களாக எழுதியவர். அவரைத் தமிழில் விரும்பிப் படித்தவர்களும் இதே தோழர்கள்தான். கோட்பாடு தடுத்தது என்றால், கோட்பாட்டில் பாதியைத்தான் படித்திருக்கிறோம்.

வெளியிலிருந்து வந்த பேனா

மூன்றாவது விடையில் கொஞ்சம் மனத்தாங்கலும் கலந்திருக்கிறது. தோட்டத்தை எழுதிய தொடக்க நாவல்கள் பல, அங்கு வளராதவர்கள் எழுதியவை. 1964இல் வந்த ‘தூரத்துப் பச்சை’யின் கோகிலம் சுப்பையா, அதே ஆண்டில் ‘மலைக்கொழுந்து’ எழுதிய மருத்துவர் நந்தி, மருத்துவர்களான ஞானசேகரனும் புலோலியூர் க. சதாசிவமும் பரிவோடும் கோபத்தோடும் எழுதினார்கள். ஆனால் டிஸ்பென்சரிக்கு வருகிறவர் நோயாளி. அவருடைய பிள்ளைப் பிராயம் மருத்துவரின் குறிப்பேட்டில் ஏறுவதில்லை. ஆளாகும் கதையை ஆளானவர்தான் சொல்ல முடியும் என்பது வாதம்.

பாமாவின் ‘கருக்கு’ (1992) தமிழகத்தில் செய்து காட்டியதை நினைத்தால் இது சரியென்றே தோன்றும். ஆனால் மலையகத்தின் உள்ளிருந்து வந்த எழுத்தாளர்களைப் பார்த்தால் சிக்கல் கூடுகிறது. சி. வி. வேலுப்பிள்ளை மடக்கொம்பரைத் தோட்டத்துப் பெரிய கங்காணிக் குடும்பத்தில் பிறந்து கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் படித்தவர். தெளிவத்தை ஜோசப் தோட்டத்து ஆசிரியரின் மகன். இருவரும் லயத்துக்கு அருகில் வளர்ந்தவர்கள். லயத்துக்குள் வளர்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆசிரியர் வீட்டுப் பையன் லயத்துப் பையனோடு எந்த வயதுவரை கூடி விளையாடலாம், எந்த நாளில் வீட்டில் ‘அவனோட என்ன சகவாசம்’ என்று குரல் எழும் என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் இருக்க முடியாது. அந்தக் கதையை அவர்கள் பெருமளவில் எழுதாமல் விட்டதுதான் ஆச்சரியம். தொழிலாளிக்காகப் பேசும் பொறுப்பு அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. தொழிலாளியின் பிள்ளைக்கும் தமக்கும் இடையே இருந்த மூன்று படிக்கட்டுகளைப் பற்றிப் பேசுவது அந்தப் பொறுப்புக்குக் குறுக்கே வந்திருக்கலாம்.

அச்சின் கதையையும் இங்கே சேர்க்க வேண்டும். மலையக எழுத்தின் முதல் பெரும் அலை பத்திரிகைப் பக்கங்களில் எழுந்தது. வீரகேசரி நடத்திய சிறுகதைப் போட்டிகளில் தேறிய கதைகள் ‘கதைக்கனிகள்’ என்று 1971இல் தொகுப்பாயின. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ ஓர் இளம்பெண் பறித்த கொழுந்தின் எடையைச் சந்தேகிப்பதிலிருந்து அவளுடைய தன்மானத்தையே எழுப்பிக் காட்டுகிறது. அதற்குச் சில பக்கங்கள் போதுமாயின. பகல் முழுதும் வகுப்பும் இரவில் மண்ணெண்ணெய் விளக்குமாக இருந்த ஆசிரிய எழுத்தாளருக்குச் சிறுகதைதான் கைக்குள் அடங்கியது. எந்தக் கோட்பாட்டையும் விட இந்த எளிய காரணத்துக்கு நாம் கூடுதல் எடை தரலாம்.

நாடில்லாதவன் எதற்குள் வளர்வான்?

நான்காவது விடை பல்கலைக்கழகங்களிலிருந்து வருகிறது. ஃப்ராங்கோ மொரெட்டி 1987இல் எழுதிய நூலில், வளர்பருவ நாவலை நவீன சமூகம் தன்னோடு செய்துகொண்ட ஒரு சமரசமாகப் படித்தார். ஜோசப் ஸ்லாட்டர் (2007) அந்த நாவலும் மனித உரிமைச் சட்டமும் ஒரே கற்பனையில் நிற்பதாக வாதிட்டார்: மனிதன் வளர்ந்து குடிமகனாவான். ஜெட் எஸ்டி (2012) குடியேற்ற நிலங்களைத் தொட்ட நாவல்களில் பிள்ளைகள் வளராமலே உறைந்துபோவதைக் காட்டினார்.

இதை மலையகத்தில் வைத்துப் பார்த்தால் சிலிர்ப்பாக இருக்கிறது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் தோட்டத்தில் 18 அல்லது 21 வயதை எட்டியவருக்கு அந்த வயது எதையும் திறந்துவிடவில்லை. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டன. ஒரே லயத்தில் வளர்ந்த இரண்டு கூட்டாளிகளில் ஒருவனின் தகப்பன் எந்தப் படிவத்தை நிரப்பினார் என்பதைப் பொறுத்து நட்பு தலைமன்னாரில் முடிந்துபோயிற்று. கைரோவும் ஜெய்யும் கொழும்பில் சைக்கிள் விட்டுத் திரிவதாகக் குணசேகர எழுதுவதும் இதே 1964தான். இரண்டு பிள்ளைப் பருவங்களுக்கும் இடையே நூறு மைல்கூட இல்லை.

ஆனால் இந்த விடைக்கு ஓர் ஓட்டை உண்டு. சிதம்பரத்துக்கும் கூளையனுக்கும் இந்தியக் குடியுரிமை இருந்தது. அது அவர்களை எங்கும் கொண்டு சேர்க்கவில்லை. நாவல் மட்டும் எழுதப்பட்டுவிட்டது. மறுபுறம் இலங்கையில் 1988, 2003 சட்டங்களால் நாடற்ற நிலை பெரும்பாலும் தீர்ந்த பிறகும் மலையக வளர்பருவ நாவல் மழைக்காலக் காளான்போல் முளைத்துவிடவில்லை. குடியுரிமை ஒரு கதவைத் திறக்கலாம். உள்ளே இருப்பவர் எழுதுவாரா என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல.

மாவனல்லையிலிருந்து பார்த்தால்

மேலே சொன்ன நான்கு விடைகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. வர்க்கப் பகையை அவை மேலும் கீழுமாகவே பார்க்கின்றன: மேலே பங்களா, கீழே லயம். மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தின் நில அமைப்பே அப்படி. அதிகம் பேசப்படும் நாவல்களின் களமும் அதுதான்.

கேகாலை வேறு நிலம். இறப்பர் செய்கையில் முன்னிற்கும் மாவட்டங்களில் ஒன்று. தோட்டங்கள் சிறிதும் பெரிதுமாகச் சிங்களக் கிராமங்களுக்குள் செருகிக் கிடக்கின்றன. கொழும்பு – கண்டி வீதியில் மகா ஓயாவை ஒட்டிய மாவனல்லை, கடைத்தெருவும் தமிழ் பேசும் முஸ்லிம் மக்களும் நிறைந்த ஊர். இறப்பர் பற்றிய தமிழ் நாவல் வேண்டுமென்றால் நாம் மலேசியாவுக்குத்தான் போகிறோம்: அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’, சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’. சப்ரகமுவவின் இறப்பர் மலையக இலக்கிய வரைபடத்தின் விளிம்பிலேயே நிற்கிறது. இத்தனைக்கும் இலங்கையின் வர்க்க அரசியல் வேர்விட்ட மாவட்டங்களில் இது ஒன்று. என். எம். பெரேரா 1936இல் ருவன்வெல்லையிலிருந்து அரசாங்க சபைக்குப் போனவர். பின்னாளில் யட்டியாந்தோட்டையின் பிரதிநிதி. 1964 ஒப்பந்தம் கையெழுத்தானபோது நிதியமைச்சர்.

இங்கே ஒரு தோட்டத்துப் பிள்ளை வர்க்கத்தை எங்கே சந்திக்கும்? விடியுமுன் பால் வெட்டப் போகும் தாயைத் துரை எப்படி நடத்துகிறார் என்பது அதற்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் வலிக்கும் இடம் வேறு. தமிழ்மொழி மூலம் மேல்வகுப்புப் படிக்க வேண்டுமென்றால் நகரத்து முஸ்லிம் பாடசாலைக்கு வரவேண்டிய நிலை பலருக்கு உண்டு. அங்கே ஒரே வாங்கில் பக்கத்தில் இருப்பவன் கடைக்காரர் மகன். பேச்சு ஒன்று, புத்தகம் ஒன்று, கிரிக்கெட் ஒன்று. இவனுடைய தகப்பனின் பெயர் அவனுடைய தகப்பனின் கடன் கொப்பியில் இருக்கிறது. அது இருவருக்கும் தெரியும். இறப்பர் பால் பட்ட துணியில் கறை காய்ந்து கறுத்துவிட்டால் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. வெள்ளைச் சட்டையின் கையோரம் அப்படி ஒரு கறை இருந்தால் போதும். அடைமழை நாட்களில் பால் வெட்டு இல்லை. பெப்ரவரி, மார்ச்சில் இலையுதிரும்போது பால் குறைவு. பாடசாலையில் காசு கேட்கும் நாளும் வீட்டில் காசில்லாத நாளும் ஒன்றாக வந்து விழும்.

பிரிவை அடையாளமிட்டுக் கொடுக்கும் அரசாங்கப் பொறிமுறையும் உண்டு: ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில். 10 வயதில் ஒருவன் தேறிப் பெரிய பாடசாலைக்குப் போவான், மற்றவன் தோட்டத்துப் பாடசாலையில் நிற்பான். மாலையில் ஒரே பாதையில் திரும்பினாலும், ஆறு மாதத்தில் பேசுவதற்கு விஷயம் குறைந்துவிடும். இலங்கை வாழ்வில் இதைவிடத் துல்லியமாக நட்பை வெட்டும் கத்தியை நாவலாசிரியர் தேட வேண்டியதில்லை.

மேல்–கீழ் கணக்கு இங்கே இன்னொரு விதத்திலும் பிசகும். மாவனல்லையில் 2001 மே மாத வன்செயலில் முஸ்லிம் மக்களின் கடைகள் எரிந்தன. தோட்டத்துத் தமிழர் 1977இலும் 1983இலும் அடிபட்டார்கள். அடுத்துள்ள இரத்தினபுரி மாவட்டத்தில் 1981இலும். கடன் கொப்பி வைத்திருந்த வீடே ஒரு நாளில் எல்லாவற்றையும் இழந்த வீடாகலாம். அப்போது வாங்கில் பக்கத்திலிருந்தவன் என்ன செய்வான்? யார் எளியவர் என்பதை வர்க்கம் ஒருவிதமாகவும் இனம் வேறுவிதமாகவும் சொல்லும் ஊரில், நட்பை எழுதுவது கூளையன் – செல்வன் கதையைவிடக் கடினமான வேலை.

இந்த ஊருக்கு நட்பின் பழங்கதை ஒன்றும் உண்டு என்பதை இடையில் சொல்லிவிடலாம். உத்துவன்கந்தையில் ஒளிந்திருந்து பணக்காரரைக் கொள்ளையடித்த சரதியேலும் அவன் தோழன் மம்மலே மரிக்காரும் 1864இல் கண்டியில் ஒன்றாகத் தூக்கிலிடப்பட்டார்கள். ஒருவன் சிங்களவன், மற்றவன் முஸ்லிம். கோப்பிக்காகத் தென்னிந்தியாவிலிருந்து கூட்டங்கூட்டமாக ஆட்கள் வந்துகொண்டிருந்த காலம் அது. அந்தக் கதையில் அப்படி வந்தவர்களுக்கு வேடம் இல்லை.

தீராதவை

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், வேலை விழுங்கிய பருவம், வர்க்க அழகியல், வெளியார் பேனா, நாடற்ற நிலை ஆகிய நான்கும் பகுதி விளக்கங்களாகவே நிற்கின்றன. சிறுகதையின் கைவசதியும், தொழிலாளர் குடும்பத்துக்கும் தோட்ட உத்தியோகத்தர் குடும்பத்துக்கும் இடையிலான உள்வேறுபாட்டைப் பற்றிய மௌனமும் அவற்றைவிடக் கூடுதலாக விளக்கக்கூடும். இதை ஊகம் என்ற அளவிலேயே வைக்கலாம். அரசுப் பாடசாலை வழியாக வந்த முதல் தலைமுறை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறது. பிரமிளா பிரதீபனின் ‘கட்டுபொல்’ தேயிலையை விட்டு முள்ளுத்தேங்காய்த் தோட்டத்துக்கு நாவலை நகர்த்தியிருப்பது, களம் மாறத் தொடங்கியதன் அடையாளம்.

பெண்பிள்ளையின் கதை தனியே நிற்கிறது. இங்கு பெயர் சொன்ன வளர்பருவ நாவல்களில் அநேகமாக எல்லாமே பையன்களுடையவை. தோட்டத்தில் பெண்ணின் பருவத்துக்கு ஊரறிந்த சடங்கு இருக்கிறது, அதன்பின் படிப்பு நிற்பதும் கொழும்பில் வீட்டு வேலைக்கு அனுப்புவதும் இருக்கிறது. அவளுடைய சிநேகிதி யார் என்ற கேள்வியை மட்டும் கேட்டவர் குறைவு. ‘மீன்கள்’ திறந்து வைத்த கதவு அது.

மொழியைப் பற்றிய கேள்வி இன்னும் சங்கடமானது. தமிழ்ப் பாடசாலை தூரம், சிங்களப் பாடசாலை பக்கம் என்பதால் சிங்கள மொழிமூலம் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் சப்ரகமுவவில் கணிசமாக உண்டு. அவர்களுடைய நட்பும் சண்டையும் காதலும் சிங்களத்தில் நடக்கின்றன. வீட்டில் அம்மாவோடு மட்டும் தமிழ். மாவனல்லைக்கும் யட்டியாந்தோட்டைக்கும் இடையில் எங்கோ வளர்ந்துகொண்டிருக்கும் அந்த எழுத்தாளர் தன் 13 வயதை எழுத உட்கார்ந்தால் சிங்களத்தில்தான் எழுத வரும். அப்படி ஒரு நாவல் வந்தால் மலையக இலக்கிய வரலாற்றை எழுதுகிறவர்கள் அதை எந்த அத்தியாயத்தில் சேர்ப்பார்கள் என்பதற்கு இதுவரை நம்மிடம் உள்ள எந்த விமர்சன மரபும் விடை வைத்திருக்கவில்லை.